கணவாய் ஏறும்போது மட்டும் நின்ற பத்மினி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

செங்கோட்டையில் ஒரு வீட்டில் 1982-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி ஒன்று இருக்கிறது. 1089 சி.சி. பெட்ரோல் எஞ்சின், ஸ்டியரிங் தண்டில் கியர், நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், சார்ஜ் ஏற்ற டைனமோ. உரிமையாளரின் தகப்பனார் புதிதாக எடுத்த வண்டி. இப்போது மகனுக்கே அறுபத்தெட்டு வயது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில் இருந்த ஊர். கொண்டான் கொடுத்தான் உறவு இன்னும் புனலூர், கொல்லம் பக்கம்தான். ஆகவே கல்யாணம், சடங்கு என்றால் இந்த வண்டி புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு என்று கணவாய் ஏறி இறங்கியாக வேண்டும்.

ஆனால் வருடம் முழுக்கச் சேர்த்தாலும் முந்நூறு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். மீதி நாளெல்லாம் மேற்குப் பக்கம் திறந்த ஒரு தகரக் கொட்டகையில் நிற்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்துக்கு வரும் அதே சாரல் இந்தக் கொட்டகைக்கும் வரும். மேலே பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார்கள். அது மழையைத் தடுத்தது, உள்ளே போன ஈரத்தை வெளியே விடவில்லை.

வீட்டில் வேலை பார்க்கும் பையன் ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பான். “வாரம் தவறாம ஸ்டார்ட் பண்ணிருதோம்” என்று உரிமையாளர் பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமைக்குப் பின்னால் வருகிறேன்.

நான் பாலிடெக்னிக் ஒன்றின் ஆட்டோமொபைல் பட்டறையில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த விவகாரத்துக்குள் நான் வந்தது ஆகஸ்டில்தான். அதற்கு முன் நடந்தவற்றை உரிமையாளரிடமும் மெக்கானிக்கிடமும் கேட்டு எழுதியிருக்கிறேன்.

ஜூன் 2025: முதல் நிறுத்தம்

புனலூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பினார்கள். புளியரை வரை சீராக ஓடியது. எஸ் வளைவு ஏற்றத்தில் இரண்டாம் கியரில் போகும்போது வண்டி திணறி, இரண்டு மூன்று முறை குலுங்கி, நின்றது. செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. இருபது நிமிடம் ஓரமாக நிறுத்தி, தேங்காய் வாங்கப் போனவரைப்போலச் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி அடித்ததும் முதல் சுற்றிலேயே பிடித்தது. மூன்று கிலோமீட்டர் போனதும் அதே கதை. திரும்பி இறங்கிவிட்டார்கள். இறக்கத்திலும் ஊருக்குள்ளும் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஜூலை: இரண்டு சுற்றுப் பழுதுபார்ப்பு

உள்ளூர் மெக்கானிக் கெட்டிக்காரர்தான். சூடானதும் நின்று ஆறியதும் ஓடுகிறது என்று கேட்டவுடன் காயில், கண்டென்சர், பிளாட்டினம் பாயின்ட், நான்கு பிளக் என்று பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறிக்கான சாமான் எல்லாவற்றையும் மாற்றினார். இதில் தவறு சொல்ல முடியாது. சூட்டில் செத்து ஆறியதும் பிழைப்பது காயிலுக்கும் கண்டென்சருக்கும் உள்ள குணம். ஊருக்குள் நான்கு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று கொடுத்தார். அடுத்த வாரம் எஸ் வளைவில், ஏறக்குறைய அதே இடத்தில், நின்றது.

இரண்டாம் சுற்றில் வேப்பர் லாக் என்றார்கள். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிப் பம்பு இழுக்காமல் போவது. மலைப்பாதையில் அந்தக் காலத்து ஓட்டுநர்கள் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் ஏசி பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக்கொண்டு போவது இதற்காகத்தான். துணியும் சுற்றினார்கள், பம்பையும் புதிதாக மாற்றினார்கள். மூன்றாவது முறையும் நின்றது. அதுவரை செலவு ரூ.14,000.

சாரல் அடித்து, கண்ணாடி வைப்பரைப் போட்டுக்கொண்டு, சட்டை நனைந்து ஏறிய நாளில் வேப்பர் லாக் வருமா என்று அப்போது யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட்: கேட்டதும் கிடைத்ததும்

வண்டியைத் தொடுவதற்கு முன் உரிமையாளரை உட்காரவைத்து ஒரு தாளில் எழுதினேன். கிளம்பி எத்தனை நிமிடத்தில் நிற்கிறது, ஏற்றத்திலா சமதரையிலா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு நேரம் காத்திருந்தால் பிடிக்கிறது. கடைசியாக, எப்படி நின்றது என்று கேட்டேன்: சுவிட்சை அணைத்தமாதிரி பட்டென்றா, மூச்சுத் திணறியா?

“மூச்சு வாங்கித்தான் சார். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இழுவை கொறஞ்சு, பெறவு குலுங்கி நின்னுட்டு.”

மின்சாரப் பழுது பெரும்பாலும் பட்டென்று அறுக்கும். பெட்ரோல் பற்றாக்குறை திணறவைக்கும். நூற்றுக்கு நூறு விதி இல்லை, ஆனால் எங்கே முதலில் தேடுவது என்று சொல்லிவிடும். ஜூன் மாதமே இந்தப் பதில் உரிமையாளரின் வாயில் இருந்தது. யாரும் கேட்காததால் அவரும் சொல்லவில்லை.

பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். இறங்கும்போது பிரேக் பெடல் “கொஞ்சம் கீழ போச்சு”, இரண்டு தடவை மிதித்தால் பிடித்தது. நிற்கிற வண்டியைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்ததில் இது யார் காதிலும் விழவில்லை.

முதல் முடிவு: எஞ்சினுக்கு முன் பிரேக்

ஏறும்போது நிற்கும் வண்டி தொந்தரவு. இறங்கும்போது நிற்காத வண்டி அப்படியல்ல. பிரேக்கைப் பார்க்காமல் சோதனை ஓட்டத்துக்காகக்கூட இந்த வண்டியைக் கணவாய்க்கு எடுத்துப்போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உரிமையாளருக்கு இது பிடிக்கவில்லை. ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் பேத்தி கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

பெடல் அழுத்தத்தை ஆயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்தால் பிரேக் ஆயில் கட்டஞ்சாயா (பால் ஊற்றாத டீ) நிறத்தில் இருந்தது. எப்போது மாற்றியது என்று யாருக்கும் நினைவில்லை. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தைத் தானாக இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதற்கு அந்தத் தர அளவு 140 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி அந்த ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும், பெடல் கீழே போகும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். கிலோமீட்டரைப் பார்த்துப் பராமரிக்கிற பழக்கம் இங்கேதான் ஏமாற்றுகிறது.

டிரம்மைக் கழற்றியபோது பின் இடது சக்கரத்தின் வீல் சிலிண்டர் (பிரேக் ஷூவை டிரம்மில் அழுத்துவது) துருவில் இறுகிப்போயிருந்தது. அதே பக்கத்து ஷூவில் டிரம்மின் துருக்கறை பிறைமாதிரி படிந்திருந்தது. சாரல் காலம் முழுக்க ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தியதன் அடையாளம். ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் “டக்”கென்று ஒரு சத்தம் கேட்குமாம். வண்டி சோம்பல் முறிக்கிறது என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்களாம்.

நான்கு வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர்கள், ரப்பர் ஹோஸ்கள், புது ஆயில் எல்லாம் மாற்ற மூன்று வாரம் ஆனது. வேலை இரண்டு நாள், மீதி உதிரிபாகத்துக்குக் காத்திருந்தது. மும்பையில் கடைசி பத்மினி டாக்சி ஓய்வு பெற்றது 2023 அக்டோபரில். அத்தனை டாக்சிகள் ஓடிய காலத்தில் கிடைத்ததைப்போலச் சாமான் இனி கிடைக்காது. கல்யாணம் அந்த மூன்று வாரத்துக்குள் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வாடகைக் காரில் வந்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம் உரிமையாளர் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

செப்டம்பர்: நின்ற இடத்தில் வைத்துப் பார்த்தது

அதுவரை நடந்த எல்லாச் சோதனையும் பட்டறையில், வண்டி நன்றாக ஓடும்போது நடந்தது. இந்தப் பழுதோ ஏற்றத்தில், பத்து நிமிடத்துக்குமேல் சுமை இழுத்தபிறகுதான் முகம் காட்டுகிறது. ஆகவே வண்டியை வேண்டுமென்றே அங்கே கொண்டுபோய் நிற்கவிட்டோம். உரிமையாளர், நான், கணவாய்க்கு அந்தப் பக்கம் கழுதுருட்டியிலிருந்து வந்த ஒரு வயதான மெக்கானிக். எஸ்டேட் ஜீப்புகளில் கை பழகியவர். டிக்கியில் தீயணைப்பான், சக்கரத்துக்கு இரண்டு கட்டை.

எஸ் வளைவு தாண்டியதும் எதிர்பார்த்தபடி திணறி நின்றது. கட்டையைப் போட்டுவிட்டு, ஆறவிடாமல், இந்த வரிசையில் பார்த்தோம்.

ஒரு பிளக் வயரைக் கழற்றி உதிரிப் பிளக்கை மாட்டி, பிளக்கின் உடலை எஞ்சின் இரும்பில் அழுத்தி, செல்ஃப் அடித்தோம். நீலப் பொறி, சத்தத்தோடு. மின்சாரப் பக்கம் கணக்கிலிருந்து விலகியது. பெட்ரோலைத் தொடுவதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும், பெட்ரோல் சிந்திய இடத்தில் பொறி விடக்கூடாது.

அடுத்தது டேங்க் மூடி. மூடியின் காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பு இழுக்க முடியாமல் போகும். கொஞ்ச நேரம் நின்றால் காற்று கசிந்து சரியாகிவிடும். அடையாளம் அச்சு அசலாக இதேதான். மூடியை மெதுவாகத் திறந்தோம். “உஸ்” என்ற சத்தம் இல்லை. துளை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூடியின் ரப்பர் வளையம் வெடித்துப் பாளம் பாளமாக இருந்ததைக் குறித்துக்கொண்டேன்.

மூன்றாவதாக, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, காயில் வயரை எடுத்துவிட்டு, செல்ஃப் அடித்தோம். பம்பு துடிக்கும் ஒவ்வொரு தடவையும் பீச்சி அடிக்க வேண்டிய பெட்ரோல், மூக்கு ஒழுகுவதுபோலச் சொட்டியது. பம்பு புதியது. அப்படியானால் பம்புக்கே பெட்ரோல் வரவில்லை.

“டேங்க் எறக்கிப் பாத்தாச்சா?” என்றார் கழுதுருட்டிக்காரர். இல்லை. மூன்று மாதமாக எல்லோரும் பானெட்டைத் திறந்தார்கள், டிக்கிப் பக்கம் யாரும் போகவில்லை.

உறுதி செய்துகொள்ள இன்னொன்றும் செய்தோம். ஒரு லிட்டர் கேனை வெளியே கட்டி, பம்பின் உள்வாய்க்கு நேராக ஹோஸ் கொடுத்து, கோட்டைவாசல் வரை ஏறினோம். ஒரு குலுங்கல் இல்லை. கணிப்பு சரி, செய்த முறை சரியில்லை. வளைவில் கேன் சாய்ந்து ஹோஸ் பிடுங்கியிருந்தால் சூடான சைலன்சர் குழாய்மேல்தான் கொட்டியிருக்கும்.

டேங்கை இறக்கியபோது

எட்டு லிட்டர்போல வடிந்தது. பழைய வார்னிஷ் வாடை. கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்ததும் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தனி அடுக்கு பிரிந்து நின்றது. இப்போது நாம் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரோடு சேரும் குணம் உள்ளது. ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் இரண்டும் ஒன்றாகப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் உட்காரும். தண்ணீர் எங்கிருந்து? வெடித்த மூடி ரப்பர் வழியாகச் சாரல். அதோடு கால்வாசி மட்டும் நிரப்பிய டேங்கில் மிச்ச இடமெல்லாம் ஈரக்காற்று. ராத்திரிக் குளிரில் அது டேங்கின் உட்சுவரில் வியர்த்து வடியும்.

உள்ளே டார்ச் அடித்தால் காப்பிப்பொடி தூவியதுபோலத் துரு. உறிஞ்சு குழாயின் முனையில் உள்ள வலையில் மெல்லிய துருச்சேறு அப்பியிருந்தது. அதுதான் அந்த இருபது நிமிடக் கணக்கு. ஏற்றத்தில் எஞ்சின் நிறைய பெட்ரோல் கேட்கும், உறிஞ்சும் வேகத்தில் சேறு வலையில் ஒட்டி வாயை அடைக்கும். வண்டி நின்றதும் உறிஞ்சல் நிற்கும், சேறு மெல்லக் கழன்று கீழே இறங்கும், வழி திறக்கும். ஊருக்குள் அவ்வளவு பெட்ரோல் தேவைப்படாது. இறக்கத்தில் தேவை இன்னும் குறைவு. மெக்கானிக் ஓட்டிப் பார்த்த நான்கு கிலோமீட்டரில் இந்தப் பழுது தெரிய வாய்ப்பே கிடையாது.

டேங்கை ஒட்டிய ரப்பர் ஹோஸும் ஊறிக் குழைந்திருந்தது. வாயில் வைத்து உறிஞ்சினால் தட்டையாக ஒட்டிக்கொண்டது. எத்தனால் தாங்காத பழைய ரப்பர். இரண்டு காரணமும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மாட்டேன்.

டேங்கின் ஒரு மூலை மெலிந்திருந்தது. கேஸ் வெல்டிங்கில் ஒட்டித் தருகிறேன் என்று ஒருவர் வந்தார், மறுத்தோம். பெட்ரோல் இல்லாத காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. உள்ளே நிற்கும் ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். பொடி ஜல்லியும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்கி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியை ஒரு ராத்திரி ஊறவைத்து, கழுவி, புளோயரில் உலர்த்தினோம். மெலிந்த மூலை கசியவில்லை. உட்பூச்சு அடிக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தோம். சரியாக உலராத இடத்தில் பூச்சு பிற்காலத்தில் பாளமாக உரியும், உரிந்தது நேராக அந்த வலைக்குத்தான் வரும். வேண்டாம் என்று முடிவு செய்தேன். கழுதுருட்டிக்காரர் பூச வேண்டும் என்றார். அவர் சொன்னதும் தப்பில்லை.

எத்தனால் தாங்கும் ஹோஸ், புது மூடி ரப்பர், பம்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பில்டர். இவ்வளவுதான் மாற்றியது. முதல் இரண்டு சுற்றில் செலவானதில் கால்வாசிகூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம்

எஞ்சின் ஆயில் மூடியின் உட்புறத்தில் மோர்க்கட்டிபோல வெள்ளைப் பசை. சைலன்சரின் தாழ்ந்த இடத்தில் ஊசிக் கண் அளவுக்கு நான்கைந்து துருத்துளை. பேட்டரி 12.1 வோல்ட். நல்ல நிலையில் 12.6-க்கு மேல் இருக்க வேண்டும். எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தின் வேலை.

பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும். எஞ்சினும் சைலன்சரும் முழுச் சூட்டுக்கு வந்தால் அது ஆவியாக வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் அந்தச் சூடு வராது, தண்ணீர் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். சோக் இழுத்து ஓடும் எஞ்சினில் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலக்கும். டைனமோ ஐடிலிங்கில் சார்ஜ் ஏற்றாது. செல்ஃப் இழுத்த மின்சாரம் திரும்ப வராமலே எஞ்சினை அணைத்துவிடுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அந்தப் பையன் ஸ்டார்ட்டே செய்யாமல் பேட்டரி வயரைக் கழற்றி வைத்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும். இதைச் சொன்னபோது உரிமையாளரைவிடப் பையனுக்குத்தான் முகம் சுருங்கியது.

அக்டோபர் முதல் நடப்பில் உள்ள முறை

பதினைந்து நாளுக்கு ஒருமுறை பண்பொழி வழியாகத் தென்காசி போய்த் திரும்புவது, அரை மணி நேரத்துக்குக் குறையாமல். நேரமில்லாத வாரம் ஸ்டார்ட் செய்வதில்லை. சாரல் தொடங்குமுன் டேங்கை நிரப்பிவிடுவது. ஹேண்ட்பிரேக்குக்குப் பதில் கியரில் போட்டுக் கட்டை வைப்பது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை எஞ்சின் ஆயில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில். பிளாஸ்டிக் உறை போய்ப் பருத்தித் துணி வந்தது. கொட்டகையின் மேற்குப் பக்கத்துக்குத் தகரம் அடிப்பதாகச் சொன்னார், இன்னும் அடிக்கவில்லை.

அக்டோபர் நடுவில் தென்மலை வரை நிற்காமல் போய் வந்தோம். முழு வெற்றி என்று எழுத மாட்டேன். முதல் நூறு கிலோமீட்டரில் பில்டரில் பழுப்புத் தூள் மறுபடி தெரிந்தது. இதுவரை மூன்று பில்டர் மாற்றியாயிற்று. உட்பூச்சு விஷயத்தில் கழுதுருட்டிக்காரர் ஜெயிக்கக்கூடும்.

வேறு மாதிரி செய்திருக்க வேண்டியவை

கேனைக் கட்டி ஏறியதை இன்னொரு முறை செய்ய மாட்டேன். பம்பின் உள்வாய்க் குழாயைக் கழற்றி, டேங்க் பக்கமாகக் காற்றை ஊதி, மூடியைத் திறந்து காது வைத்தாலே அடைப்பு தெரிந்திருக்கும். பில்டரை முதல் நாளே போட்டிருந்தால் துரு ஜூலையிலேயே கண்ணில் பட்டிருக்கும்.

இன்னொன்று, கழற்றிய பழைய சாமான். மாற்றிய காயிலும் பம்பும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. இரண்டிலும் பழுது இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். கண்டென்சர் மட்டும் மெக்கானிக்கின் பையனுடைய டப்பாவில் கிடந்தது. கேட்டு வாங்கி டிக்கியில் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தேன்.

டிசம்பர்

கார்த்திகை மாதம், ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வரிசைகட்டிப் போகும் நேரம், தென்மலைக்கு அருகிலிருந்து உரிமையாளர் போன் செய்தார். வண்டி நின்றுவிட்டது. பில்டர்தான் என்று நினைத்துக்கொண்டு நான் பேசத் தொடங்குமுன் அவரே சொன்னார்:

“சார், இந்தத் தடவ மூச்சு வாங்கல. பட்டுனு அணஞ்சிட்டு. பில்டர்ல பெட்ரோல் நெறஞ்சு நிக்கி. கரண்டுதான சார்?”

ஜூலையில் மாற்றிய புதுக் கண்டென்சர் செத்திருந்தது. கழுதுருட்டிக்காரர் பத்து நிமிடத் தொலைவில் இருந்தார். தகர டப்பாவிலிருந்த 1982 கண்டென்சரை மாட்டினார், வண்டி புனலூர் போய்ச் சேர்ந்தது. இப்போதும் அதில்தான் ஓடுகிறது.